பின்தொடரும் சுவைஞரும் பாடவேறுபாடும்

1. முன்னுரை

பாணன் புரவலனை நாடிச் செல்வது பண்டைத் தமிழ் மரபு. ஆற்றுப்படை நூல்களுள் பல இச் செலவையே பொருளாகக் கொண்டு எழுந்தவை. பரிசில் பெற்று மீள்வோன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் சென்ற வழியையும் கண்ட வளத்தையும் பெற்ற பேற்றையும் எடுத்துரைத்து, அவனையும் அவ்வழியே செலுத்துகின்றான். அங்கு யாழைச் சுமப்பவனே வழி நடக்கின்றான்; கேட்போன் தன் ஊரில் வீற்றிருக்கின்றான்.

இவ்வொழுங்கு தலைமாறிய நிலை ஒன்றனை மேலை நாட்டு இசையுலகிற் காண்கின்றோம். அங்கு இசைவாணர் ஊர்தோறும் செல்கின்றார். அவரைத் தொடர்ந்து கேட்போரும் ஊர்தோறும் செல்கின்றனர். ஓரிரவு கேட்டு அமையாது, மறுநாட் காலை புகைவண்டி ஏறி அடுத்த நகரை அடைந்து, அன்றிரவும் அவரையே கேட்கின்றனர். வழிச்செலவும் அவர்களுடையது, நுழைவுச் சீட்டின் விலையும் அவர்களுடையது. நேற்றுக் கேட்டவர் நாளைக் கேட்க இருப்பவர்க்கு அரங்கின் இயல்பையும் பாடல்களின் வரிசையையும் பாடகர் குரலின் நிலையையும் எடுத்துரைப்பர். ஆற்றுப்படுத்தும் செயல் அழிந்திலது. அதனைச் செய்வோரே மாறியுள்ளனர்.

இத்தகையோரைப் பித்தர் என்று கூறிக் கற்றோர் ஒதுக்குதல் உண்டு. ஒரே பாடகர், பெரும்பாலும் அதே பாடல்களைப் பாடக் கேட்டற்கு நூறு கல், இருநூறு கல் தொலைவு செல்வது அறிவுடைமை ஆகுமா என்பது அவர் வினா. அவ் வினா நேர்மையானதே. ஆயினும் அதற்கு விடை கூறுமுன், பின்தொடரும் சுவைஞன் கேட்பது யாது என்பதும், ஓரிரவு மட்டும் கேட்போன் அறியாத எதனை அவன் அறிகின்றான் என்பதும் ஆராயற்பாலன. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனையும் அவரைப் பின்தொடர்ந்தோரையும் சான்றாகக் கொண்டு இக் கட்டுரை அவற்றை ஆராய்கின்றது.

2. பயணமும் பின்தொடர்வோரும்

பாப் டிலன் மின்னசோட்டா மாநிலத்துத் துலூத் நகரில் 1941 மே 24ஆம் நாள் பிறந்தவர். அவருடைய முதல் இசைத்தட்டு 1962இல் வெளிவந்தது. 1966இல் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்திற்குப் பின் 1974 வரை அவர் நெடும்பயணம் எதனையும் மேற்கொள்ளவில்லை. நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத ஆண்டு 1988. அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் கலிபோர்னியாவின் கன்கார்டு நகரிற் சிறு குழுவினரோடு அவர் ஓர் இசைப்பயணம் தொடங்கினார். அஃது ஆண்டுதோறும் தொடர்ந்து நிகழ்ந்தமையின், ‘முடிவிலாப் பயணம்’ என்னும் பொருள்படும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. 1993இல் வெளிவந்த இசைத்தட்டின் குறிப்பில், அப் பயணம் முன்னரே முடிந்துவிட்டது என்று டிலனே எழுதினார். சுவைஞரோ அப் பெயரைக் கைவிட்டிலர். ஆண்டிற்கு ஏறத்தாழ 100 அரங்குகள் என்னும் அளவில், 2019க்குள் அரங்குகளின் தொகை மூவாயிரத்தை அண்மியது. 2020இல் பெருந்தொற்று அதனைத் தடுத்தது. 2021 நவம்பர் 2ஆம் நாள் மில்வாக்கி நகரில் அவர் மீண்டும் அரங்கேறியபொழுது அவர்க்கு அகவை 80.

இப் பயணத்தைப் பின்தொடர்ந்தோர் இசைத்துறையினர் அல்லர். பெரும்பாலோர் தத்தம் தொழிலினின்று விடுப்புப் பெற்று வந்தவர். அரங்கின் முன்வரிசையைப் பெறுதற்குப் பகல் முழுதும் வாயிலிற் காத்து நிற்பர். பாடல் முடிந்த பின்னர் அன்றிரவு கேட்டவற்றை வரிசையாக எழுதி, முந்திய இரவினின்று வேறுபட்டவற்றைக் குறித்து, வர இயலாத பிறர்க்கு அறிவிப்பர். மூவாயிரம் அரங்குகளுக்கும் இவ்வாறு எழுதப்பெற்ற பட்டியல்கள் உள. எந்தப் பாடல் எந்த ஆண்டில் எத்துணை முறை பாடப்பெற்றது, எந்நாள் முதல் வழக்கொழிந்தது, எத்துணை ஆண்டு கழித்து மீண்டது என்பனவெல்லாம் அவற்றால் அறியலாம்.

இவர்தம் முயற்சி பட்டியலோடு நின்றுவிடவில்லை. அதிலிருந்து ஒரு திறனாய்வு இலக்கியமும் பிறந்தது. ‘கிராடாடி’ என்னும் இதழை 1966இல் தொடங்கிய பால் வில்லியம்சு, டிலனைப் பற்றி எழுதிய நூல் வரிசையின் முதற் பகுதி 1990இல் வெளிவந்தது. டிலனை நூலாசிரியராகவோ இசைத்தட்டாசிரியராகவோ கொள்ளாது, அரங்கில் நிகழ்த்தும் கலைஞராகவே கொள்ளல் வேண்டும் என்பது அந்நூலின் கோட்பாடு. 1988க்குப் பிற்பட்ட பயணத்தைப் பற்றி ஆண்ட்ரூ மியூர் எழுதிய நூல் 2001இல் வெளிவந்தது. தாம் ஊர்தோறும் சென்ற செலவையும் கேட்ட பாடல்களின் மதிப்பீட்டையும் பிரிக்க இயலாதவாறு இணைத்து அவர் எழுதியுள்ளார். பயண நூலும் திறனாய்வு நூலும் ஒன்றாகும் இவ்வகை, பொருளின் இயல்பு கருதி எழுந்ததே எனலாம். பாடல் ஊருக்கு ஊர் மாறுமாயின், ஊர் கடந்து செல்லாத திறனாய்வு அதனை எவ்வாறு அறியும்?

3. ஒரு பாடல், பல கூற்று

டிலன் தம் பாடல்களை இசைத்தட்டில் உள்ளவாறே அரங்கிற் பாடுவதில்லை. பண்ணை மாற்றுவார், நடையை மாற்றுவார், சொற்களையும் மாற்றுவார். இன்ன பாடல் பாடப்போகின்றேன் என்று முன்னர் உரைக்கும் வழக்கமும் அவர்பால் அரிது. நெடுங்காலம் பழகிய பாடலையும் முதலடி முடிந்த பின்னரே கேட்போர் அறிந்துகொள்வர். இம் மாற்றங்களின் இயல்பை விளக்க ஒரு பாடல் போதும்.

‘டேங்கில்ட் அப் இன் புளூ’ என்பது 1975 ஜனவரியில் வெளிவந்த இசைத்தட்டின் முதற் பாடல். ஒருத்தியைப் பிரிந்த ஒருவன், பல ஊர்களிற் பல தொழில் செய்து திரிந்து, அவளை நினைந்தும் தேடியும் செல்வது இதன் பொருள். நிகழ்ச்சிகள் கால முறையில் அமையாது முன்பின்னாக மயங்கி வரும். இப் பாடலை டிலன் 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒருமுறை பதிவு செய்தார். பின்னர் மனநிறைவின்றி, டிசம்பரில் மின்னியாப்பொலிசு நகரில் மீண்டும் பதிவு செய்தார். வெளிவந்தது பின்னதே. முன்னது 1991இல்தான் வெளியிடப்பெற்றது. இரண்டனையும் ஒப்பிடுவோர் முதற்கண் காணும் வேறுபாடு இடம் பற்றியது. நியூயார்க்குப் பாடம் படர்க்கையில் தொடங்கி, இடையே தன்மைக்கு மாறுகின்றது. மின்னியாப்பொலிசுப் பாடம் தொடக்கம் முதலே தன்மையில் நிற்கின்றது.

அகத்திணை பயின்றார்க்கு இவ் வேறுபாட்டின் ஆற்றலை விரித்துக் கூற வேண்டுவதில்லை. ஒரே நிகழ்ச்சி தலைவன் கூற்றாக வரும்பொழுது ஒரு சுவையும், கண்டோர் கூற்றாக வரும்பொழுது வேறொரு சுவையும் பயக்கும். தலைவன் கூற்றில் ஆற்றாமை மிகும். கண்டோர் கூற்றில் இரக்கம் மிகும். டிலன் இப் பாடலைப் பிற்காலத்து அரங்குகளிற் பாடும்பொழுது தன்மையும் படர்க்கையும் மாறி மாறி வந்தன. இளமையிற் ‘யான்’ என்று பாடியதனை முதுமையிற் ‘அவன்’ என்று பாடும்பொழுது, பாடகர் தம் பண்டைத் தன்மையை அயலான் ஒருவனாக்கிக் காண்கின்றார். சொல்லளவில் இது சிறு மாற்றம். பொருளளவிற் பாடல் முழுவதனையும் திருப்பிவிடும் மாற்றம். இதனை உணர்வதற்கு இரு பாடங்களையும் கேட்டிருத்தல் வேண்டும். பின்னதை மட்டும் கேட்டவன், யாரோ ஒருவனைப் பற்றிய கதை என்றே கொள்வான்.

இன்னொரு மாற்றம் வரலாற்று முறையிலும் சிறந்தது. இசைத்தட்டுப் பாடத்தில், அப் பெண் பழைய இத்தாலியப் புலவர் ஒருவரின் கவிதை நூலைத் தலைவனுக்குத் தருகின்றாள். 1978ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அமெரிக்க அரங்குகளிற் பாடியபொழுது, டிலன் அக் கவிதை நூலை நீக்கி விவிலியத்தை அமைத்தார். எரேமியாவின் ஆகமத்தையும் பெயர் சுட்டினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் கிறித்துவச் சமயப் பாடல்கள் அடங்கிய இசைத்தட்டை வெளியிட்டபொழுது உலகம் வியந்தது. பத்திரிகைகள் அதனை எதிர்பாராத திருப்பமாக எழுதின. முந்திய ஆண்டு ஊர் ஊராகச் சென்று அம் மாற்றத்தைக் கேட்டிருந்தார்க்கு, வரவிருந்த திருப்பத்தின் முதற் குறி ஏற்கெனவே செவிப்பட்டிருந்தது. ஒரு கவிஞன் உள்ளத்தில் நிகழும் மாற்றம் நூலாக வெளிப்படுமுன் ஒரு சொல்லின் மாற்றமாக வெளிப்படும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்டல் அரிது.

1984இல் ஐரோப்பியப் பயணத்தின்போது அப் பாடலின் பெரும்பகுதியை அவர் புதிதாகவே எழுதிப் பாடினார். அப் பாடம் அவ்வாண்டின் அரங்கப் பதிவாகிய இசைத்தட்டில் இடம்பெற்றது. எனவே, இப் பாடல் யாது என்று வினவுவார்க்கு ஒரு தாளை எடுத்துக் காட்டுதல் இயலாது. பத்தாண்டிற் பல பாடங்களாக வளர்ந்த ஒரு பாடற்குடும்பம் என்றே கூறல் வேண்டும்.

4. சுவடி தேடலும் ஒலிநாடா தேடலும்

பாடவேறுபாடு என்னும் சொல் நம் துறையில் நெடுவழக்குடையது. 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று ஏடு தேடிய வரலாற்றை நாம் அறிவோம். ஓர் ஏட்டிற் காணாததைப் பிறிதோர் ஏட்டிற் காணலாம் என்னும் நம்பிக்கையே அச் செலவின் அடிப்படை. டிலனைப் பின்தொடர்ந்தோரின் செலவிற்கும் அடிப்படை அதுவே. அவர்கள் தேடியவை ஒலிப்பதிவுகள்; முன்னாளிற் சுருள் நாடாக்கள், பின்னாளில் வேறு கருவிகள்.

இத் தேடலின் தொடக்கம் சட்டத்திற்கு உட்பட்டதன்று. 1969இல் டிலனின் வெளியிடப்பெறாத பாடல்களை யாரோ திரட்டி, உரிமையின்றி, வெள்ளை உறையில் இசைத்தட்டாக்கி விற்றனர். பாடகரின் இசைவின்றிச் செய்த அச் செயலை நாம் போற்ற வேண்டுவதில்லை. எனினும் 1991இல் பாடகரின் நிறுவனமே அத்தகைய பதிவுகளை முறையாக வெளியிடத் தொடங்கியதும், அவ் வரிசைக்கு உரிமையற்ற வெளியீடுகளைச் சுட்டும் பெயரையே இட்டதும் நோக்கத்தக்கன. சுவைஞர் வேண்டியது பொருளுடையது என்பது அதனால் உடன்படப்பெற்றது.

ஏட்டுச் சுவடிகளிற் காணும் பிழைகளும் இங்கு உண்டு. 1966 மே 17ஆம் நாள் மான்செஸ்டர் நகரின் பிரீ டிரேடு அரங்கில் டிலன் பாடினார். அதன் பதிவு, இலண்டன் இராயல் ஆல்பர்ட் அரங்கிற் பாடியது என்னும் பொய்க்குறிப்போடு பல்லாண்டு கைம்மாறி வந்தது. 1998இல் முறையாக வெளியிட்டபொழுது உண்மை இடம் குறிக்கப்பெற்றது. ஆயினும் நீண்ட வழக்குக் கருதி, ஆல்பர்ட் அரங்கின் பெயரும் மேற்கோட் குறிக்குள் தலைப்பில் நிறுத்தப்பெற்றது. ஏட்டிறுதிக் குறிப்பை நம்பி நூலின் காலத்தையும் இடத்தையும் பிறழக் கொண்டு, பின்னர்த் திருத்திக்கொண்ட அனுபவம் உடைய பதிப்பாசிரியர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இம் முயற்சிகள் நாளடைவிற் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்ளும் வந்தன. மில்டனையும் டென்னிசனையும் ஆய்ந்த கிறிஸ்டபர் ரிக்ஸ், பிறர் இருவரோடு இணைந்து டிலனின் பாடல்களை 2014இற் பதிப்பித்தார். அப் பதிப்பு இசைத்தட்டிலும் அரங்கிலும் வழங்கிய பாடவேறுபாடுகளைக் காட்டுகின்றது. டிலனின் கைப்படிகளும் பதிவுகளும் அடங்கிய தொகுதி ஓக்லகோமா மாநிலத்துத் தல்சா நகரை அடைந்த செய்தி 2016இல் வெளியாயிற்று. 2022 மே மாதம் அங்கு அவர் பெயரால் ஒரு நடுவம் திறக்கப்பெற்றது. பித்தர் என்று ஒதுக்கப்பெற்றோர் தொடங்கிய பணியைப் புலவர் ஏற்றுக்கொண்டனர் என்பது இவற்றாற் புலனாகும்.

இவ் வொப்புமையை ஓரெல்லைக்கு மேல் நீட்டுதல் ஆகாது. ஏடு பதிப்போன் வேறுபாடுகளை ஒப்பிடுவது, அவற்றுக்கு முற்பட்ட ஆசிரியர் பாடத்தை அடைதற்பொருட்டு. பல பாடங்களில் ஒன்றே ஆசிரியருடையது, ஏனையவை எழுதுவோர் பிழை அல்லது பிற்கால இடைச்செருகல் என்பது அவன் கொள்கை. டிலனின் அரங்கிலோ பாடம் அனைத்தும் ஆசிரியர் பாடமே. மூலபாடம் என ஒன்றனை நிறுத்தி ஏனையவற்றைக் கழித்தல் இங்குப் பொருந்தாது. 1975இன் பாடம் முதலில் அச்சேறியது என்னும் ஒரு காரணத்தால் தலைமை பெறாது. ஒவ்வொரு பாடத்தையும் அவ்வப் பாடம் செய்யும் தொழிலை நோக்கியே மதிப்பிடல் வேண்டும். இது பதிப்பாசிரியன் பணியினும் கடினமானது. அவனுக்கு ஒரு முடிவு உண்டு. பின்தொடரும் சுவைஞனுக்கோ அடுத்த ஊர்தான் உண்டு.

5. பற்றும் பின்தொடர்தலும்

இனி, எதிர்ப்பக்கத்தார் கூற்றை ஆராய்வாம். அன்பு மிகுந்தவன் குற்றம் காணான். ஆகவே பின்தொடர்வோன் நடுநிலையான திறனாய்வாளன் ஆதல் இயலாது என்பது அவர் கூற்று. பின்தொடர்வோரைத் திருமுருகாற்றுப்படை காட்டும் அடியாரோடு ஒப்பிட்டு, தெய்வம் உறையும் இடந்தோறும் செல்லும் வழிபாடாகவே அவர் செலவைக் கருதுவாரும் உளர். அவ் வொப்புமை பொருந்தாது. அடியார் தம் தெய்வத்தின்பாற் குறை காண்பதில்லை. பின்தொடரும் சுவைஞரோ குறை காண்பதிலேயே முதன்மையுடையவர். 1991இன் தொடக்கத்து அரங்குகள் தாழ்ந்தவை என்பதை அவற்றைக் கேட்டோரே முதலில் எழுதினர். நேற்று நன்றாகப் பாடியதனை இன்று கெடுத்தார் என்று கூறுதற்கு நேற்றும் கேட்டிருத்தல் வேண்டும். ஓரிரவு மட்டும் கேட்பவன் தான் கேட்டதனையே பாடகரின் அளவாகக் கொள்வான். அன்பின் மிகுதியாற் பலமுறை கேட்டவனே ஏற்றத்தாழ்வு உரைக்க வல்லவன்.

எனினும் அன்பு தீங்கு செய்தல் இல்லை என்று கூறுதற்கில்லை. 1965, 1966ஆம் ஆண்டுகளில் டிலன் மின்கருவிகளோடு பாடத் தொடங்கியபொழுது அவரை எதிர்த்துக் கூச்சலிட்டோர் அவரை அறியாதவர் அல்லர். அவர் பழம் பாடல்களை உள்ளத்திற் போற்றியவரே. மான்செஸ்டர் அரங்கிற் கேட்போர் கூட்டத்தினின்று ஒருவர் அவரை ‘யூதாசு’ என்று கூவி அழைத்தார். காட்டிக்கொடுத்தவன் என்பது அதன் பொருள். காட்டிக்கொடுத்தல் நண்பர்க்கே இயலுவதாதலின், அச் சொல்லும் நண்பர் வாயிலிருந்தே வருதற்குரியது. 1979 நவம்பரிற் சான் பிரான்சிஸ்கோ நகரின் வார்பீல்டு அரங்கில் அவர் சமயப் பாடல்களை மட்டுமே பாடியபொழுதும் பலர் சினந்தனர். பால் வில்லியம்சு அச் சமயக் கொள்கையை ஏற்றவர் அல்லர். ஆயினும் அவ் வரங்கிற்கு மீண்டும் மீண்டும் சென்று, இம் மனிதர்க்கு நேர்ந்தது யாது என்னும் வினாவோடு கேட்டு, ஒரு சிறு நூல் எழுதினார்.

இவ்விரு சாராரும் சுவைஞரே. வேறுபாடு அன்பின் அளவில் இல்லை. அன்பின் நோக்கில் உளது. முன்னையோர் ஒரு பாடத்தைப் பற்றினர். அது மாறியபொழுது பாடகரை வெறுத்தனர். வில்லியம்சு பாடகரின் செலவைப் பின்தொடர்ந்தார். அது தாம் விரும்பாத ஊருக்குச் சென்றபொழுதும் உடன் சென்றார். முன்னதைப் பற்று எனவும், பின்னதைப் பின்தொடர்தல் எனவும் பிரித்துரைக்கலாம். திறனாய்வுக்குப் பயன்படுவது பின்னது. ஒரு நூலைச் சிறுவயதிற் கற்று மகிழ்ந்து, அம் மகிழ்ச்சிக்கு மாறான பாடமோ உரையோ வந்தவுடன் சினக்கும் நிலை நம்மிடையேயும் இல்லாததன்று. அதனை நினைப்பார்க்கு இப் பகுப்பின் பயன் விளங்கும்.

பின்தொடர்வோரின் மதிப்பீட்டைச் செம்மை செய்வது பிறிதொன்றும் உண்டு. அது கூட்டம். ஒருவர் நினைவு பிழைபடுமாயின் உடன் கேட்டவர் திருத்துவர். ஒருவர் மிகுத்துப் புகழ்ந்தால் மற்றவர் மறுப்பர். 2014 நவம்பரிற் பிலடெல்பியா நகரின் இசையரங்கம் ஒன்றிற் சுவீடன் நாட்டுச் சுவைஞர் ஒருவர்க்காக மட்டும் டிலன் தம் குழுவினரோடு பாடினார். கூட்டமாகத் துய்ப்பதனைத் தனியொருவர் துய்த்தால் எவ்வாறிருக்கும் என ஆராய்ந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அது நடந்தது. பாடியவையும் டிலனின் பாடல்கள் அல்ல. முன்னோர் பாடிய பழம் பாடல்கள். பின்தொடர்வோர் பலர் கனவினும் வேண்டும் பேறு அது. ஆயினும் அத் தனிச்சுவைஞர்க்கு ஒப்பிட முந்திய இரவும் இல்லை, உசாவ உடன் கேட்டோரும் இல்லை. இன்பத்திற்கு அது குறைவன்று, அறிவிற்குக் குறைவு.

6. முதுமைக் குரல்

இதுகாறும் கூறியவற்றினும் இடர்ப்பாடு மிக்க வினா ஒன்று உளது. பாடகர் முதியவர். இளமையிற் கேட்ட குரல் இன்றில்லை. 1997 மே மாதம் இதயத்தைச் சூழ்ந்த உறையில் நோய் கண்டு மருத்துவமனையிற் கிடந்தவர், ஆகஸ்டில் மீண்டும் அரங்கேறினார். 2002 இலையுதிர் காலத்தில் கிதாரைக் குறைத்து, விசைப்பலகைக் கருவியை இசைக்கலானார். குரல் கரகரத்தது; மேற்சுரங்கள் நழுவின. இந்நிலையிற் பின்தொடர்வோன் கேட்பது பாடலையா, பழைய நினைவையா? அவன் பாராட்டுவது கலையையா, முதியவர் ஒருவர் இன்னும் நிற்கின்றார் என்னும் வியப்பையா?

இவ் வினாவைப் பின்தொடர்வோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். இரக்கம் திறனாய்வு ஆகாது. இறுதிமுறையாக இருக்குமோ என்னும் அச்சத்தோடு கேட்பவன், கேட்டதனை மிகுத்துரைத்தல் இயல்பு. அவனும் பாடகரோடு மூத்தவன். பாடகர் தளர்ந்தார் என்று எழுதுதல் தன் தளர்ச்சியையும் எழுதுதலாகும். இவ்வச்சத்தை வெல்ல ஓர் அளவுகோல் வேண்டும். குரல் பண்டைப் போல் உளதா என்பது அவ் வளவுகோல் ஆகாது; உள்ள குரலைக் கொண்டு பாடலுக்குப் பொருத்தமான ஒன்று செய்யப்பெற்றதா என்பதே அது.

இவ் வளவுகோலால் நோக்குவார்க்கு இரு செய்திகள் தோன்றும். முதலாவது, 2015 முதல் 2017 வரை டிலன் அமெரிக்கப் பழம் பாடல்கள் அடங்கிய மூன்று வெளியீடுகளை அளித்து, அப் பாடல்களை அரங்கிலும் பாடினார். அவை நீண்ட மூச்சும் தெளிந்த உச்சரிப்பும் வேண்டுவன. அவற்றைப் பாடிய ஆண்டுகளில் அவர் குரல் முன்னினும் தெளிவடைந்தது எனத் தொடர்ந்து கேட்டோர் பலர் கருதினர். முதுமை ஒரே வழியாக இறங்கிச் செல்வதன்று என்பதை ஒவ்வோர் ஆண்டும் கேட்டவரே கூற இயலும்.

இரண்டாவது, 2021இல் தொடங்கிய பயணம் முந்திய பயணங்களினின்று வேறுபட்டது. பாடல் வரிசை பெரிதும் மாறவில்லை. 2020இல் வெளிவந்த புதிய பாடல்களே பெரும்பகுதி. இன்று எப் பாடல் வருமோ என்னும் ஆவலால் பின்தொடர்ந்தோர்க்கு இது முதலில் ஏமாற்றம் அளித்தது. எண்ணுதற்கு ஒன்றும் இல்லாதபொழுது கேட்டல் தொடங்கியது. ‘கீ வெஸ்ட்’ என்னும் நெடும்பாடல் அப் பயணத்திற் பன்முறை இசையமைப்பு மாறியது. சொல் மாறாது நிற்க, தாளமும் இசைத்துணையும் மாற, அதே முதியவரின் நினைவுரை ஓரிரவு அமைதியாகவும் பிறிதோரிரவு அமைதியின்மையாகவும் ஒலித்தது. பட்டியல் தொகுப்போர்க்கு இரண்டும் ஒரே வரி. பட்டியலைச் சுவைஞனின் அறிவாகக் கொள்ளும் பிழையை இப் பயணமே திருத்தியது எனலாம்.

அப் பயணத்திற் கேட்போரின் கைப்பேசிகள் உறையிலிட்டுப் பூட்டப்பெற்றன. உரிமையற்ற பதிவுகள் அதனால் முற்றும் ஒழிந்தில. ஆயினும் அரங்கில் அமர்ந்த பெரும்பாலோர் கருவியின்றிக் கேட்டனர். கேட்டதனை நினைவிற் கொண்டு, மனைக்கு மீண்டு எழுதினர். நாடாக்களைத் தேடித் திரிந்த ஒரு மரபு அரைநூற்றாண்டின் பின்னர்ச் செவியையும் நினைவையும் மீண்டும் துணையாகக் கொண்டது.

7. முடிவுரை

2016 அக்டோபரிற் டிலனுக்கு இலக்கியத்திற்குரிய நோபெல் பரிசு அறிவிக்கப்பெற்றபொழுது, பாடல் இலக்கியம் ஆகுமா என்னும் வழக்கு உலகெங்கும் எழுந்தது. இயலும் இசையும் நாடகமும் ஒருங்கு தமிழெனக் கொண்ட நமக்கு அவ் வழக்கு அத்துணைக் கடினமாகத் தோன்றாது. வாதிட்டோருட் பலர் அச்சிட்ட பாடலைத் தாளில் வைத்து, கவிதையோடு ஒப்பிட்டு, ஏற்றமோ தாழ்வோ கூறினர். 2017 ஜூனில் வெளியிட்ட நோபெல் உரையில் டிலன், பாடல்கள் படித்தற்கு உரியன அல்ல, பாடுதற்கு உரியன என்னும் கருத்தைத் தெரிவித்தார். அதற்கு முன்னரே, பரிசளிப்பு விழாவிற்குச் செல்லாத அவர், 2017 ஏப்ரலில் தம் அரங்குகளுக்காக ஸ்டாக்ஹோம் சென்றபொழுதுதான் பதக்கத்தைப் பெற்றார். உலகின் தலைசிறந்த பரிசிலும் பாணன் வழிச்செலவின் இடையே கைப்பட்டதாயிற்று.

பாடுதற்கு உரியது என்பது மெய்யாயின், பாடப்பெற்றவிடத்தே சென்று கேட்டோரின் சான்று திறனாய்வின் மூலப்பொருளுள் ஒன்றாதல் வேண்டும். அச் சான்று அன்பால் மாசுபடுதல் கூடும். பட்டியல் தொகுப்பாகச் சுருங்குதல் கூடும். முதுமை கண்ட இரக்கத்தால் நெகிழ்தல் கூடும். இக் குறைகளை மேலே கூறினோம். அவற்றை நீக்கி நோக்குமிடத்து எஞ்சுவது வேறு வழியாற் பெற இயலாத அறிவு: ஒரு பாடல் தன் ஆசிரியனோடு சேர்ந்து எவ்வாறு மூத்தது என்னும் அறிவு. ஏட்டில் எஞ்சிய நம் பண்டைப் பாடல்களுக்கு அவ்வறிவு நமக்கு இல்லை. பாணர் ஒரே பாடலை வெவ்வேறு அவைகளில் எவ்வெவ்வாறு மாற்றிப் பாடினர் என்பதை, அவர்க்குப் பின்னே நடந்து கேட்டு எழுதிவைத்தார் ஒருவரும் இலர். இருந்திருப்பின், நாம் இன்று மூலபாடம் என்று தேடுவனவற்றுட் சில, பல பாடங்களுள் ஓரிரவின் பாடம் மட்டுமே எனத் தெளிந்திருப்போம். பின்தொடரும் சுவைஞரைப் பித்தர் என்று தள்ளுமுன் இதனை எண்ணிப் பார்த்தல் ஆராய்ச்சியாளர் கடன்.